சிங்க்ரோட்ரானில் புரதப் படிகங்களுக்கு மென்பொருள் எழுதும் வேலை: உயிரியல் தெரியாமல் போகலாமா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

ஒன்பது வருடமாக மென்பொருள் வேலை பார்க்கிறேன், எல்லாமே வங்கிகளுக்கான சர்வர் பக்க வேலை: ஜாவா, பைத்தான், மெசேஜ் க்யூ, டேட்டாபேஸ். மனைவிக்கு ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் வேலை கிடைத்ததால் போன வருடம் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். பக்கத்தில்தான் ஹார்வெல். அங்கே இருக்கும் டயமண்ட் சிங்க்ரோட்ரானைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒரு நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். 562 மீட்டர் சுற்றளவுள்ள வளையம், அதற்குள் 3 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எலக்ட்ரான்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அவை வளையும் இடங்களில் வரும் எக்ஸ் கதிரை எடுத்துத்தான் எல்லாச் சோதனையும் என்றார்கள். ஒரு ஜன்னல் வழியாக ரோபோ ஒன்று குண்டூசி அளவு ஊசியை எடுத்து வைப்பதைப் பார்த்தோம். அந்த ஊசி நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதப் படிகம் இருக்கிறதாம். மகள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தாள், எனக்கும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அதிலிருந்து இந்த மாதிரி இடங்களில் வரும் வேலை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புரதப் படிகவியல் பீம்லைன்களுக்கு (வளையத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரை வைத்துச் சோதனை செய்யும் நிலையங்கள்) மென்பொருள் எழுத ஆள் வேண்டும் என்று அவ்வப்போது வருகிறது. பைத்தான், சி++ தெரிந்திருக்க வேண்டும், படிகவியல் தெரிந்தால் நல்லது என்று போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்போடு நான் உயிரியலை விட்டாச்சு. புரதம் என்றால் பருப்பில் இருப்பது என்ற அளவுதான் தெரியும்.

உண்மையில் அங்கே ஒரு மென்பொருள்காரர் நாள் முழுக்க என்ன செய்கிறார்? உயிரியல் தெரியாதது எவ்வளவு பெரிய குறை? இன்னொன்று, நண்பர் ஒருவர் சொன்னார், ஆல்ஃபாஃபோல்டு வந்தாச்சு, புரத வடிவத்தைக் கணினியே சொல்லிவிடுகிறது, இனி யாருக்கு இந்தப் படிகம் எல்லாம் வேண்டும், தெரிந்தே மூழ்கும் கப்பலில் ஏறப் போகிறாயா என்று. அது சரியா? சம்பளம் குறையும் என்று தெரியும், அதை வீட்டில் பேசிவிட்டோம். வேலையைப் பற்றித்தான் தெரிய வேண்டும்.

நள்ளிரவு_ஷிஃப்ட் எழுதியது:

நான் ஐரோப்பாவில் ஒரு சிங்க்ரோட்ரானில் இதே வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். எந்த இடம் என்பது வேண்டாம், கீழே ஒரு சிக்கலைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். உயிரியல் தெரியாதது குறையே இல்லை. வடிவியல் தெரியாததுதான் குறை. பள்ளியிலும் கல்லூரியிலும் படித்த வெக்டார், மேட்ரிக்ஸ், சுழற்சி, ஃபூரியே உருமாற்றம் இவற்றைத் தூசு தட்டி எடுங்கள். எங்கள் குழுவில் ஏழு பேர், அதில் உயிரியல் படித்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் இயற்பியல், கணிதம், ஒருவர் விளையாட்டு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். 50 மைக்ரான் அளவு படிகம், சின்ன நைலான் வளையத்தில், 100 கெல்வின் குளிரில் நைட்ரஜன் காற்று மேலே அடித்துக்கொண்டிருக்க, எக்ஸ் கதிருக்கு நடுவில் சுழல்கிறது. படிகத்தில் பட்ட கதிர் சிதறி டிடெக்டரில் புள்ளிகளாக விழும், அந்தப் புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் வைத்துத்தான் புரதத்தின் வடிவத்தைக் கணக்கிடுகிறோம். ஒவ்வொரு 0.1 டிகிரிக்கும் ஒரு படம். முழுச் சுற்றுக்கு 3600 படங்கள். நான் படித்த காலத்தில் சிசிடி டிடெக்டரில் ஒரு டேட்டா செட் எடுக்க அரை மணி, முக்கால் மணி ஆகும், அதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். 2007இல் சுவிட்சர்லாந்து சிங்க்ரோட்ரானில் முதல் பிலாட்டஸ் 6எம் டிடெக்டர் வந்ததும் அந்தக் காலம் முடிந்தது. இப்போது உள்ள ஐகர்2 16எம் டிடெக்டரில் ஒரு படத்துக்குச் சுமார் 1.8 கோடி பிக்சல், நொடிக்கு 500 படங்களுக்கு மேல். அதாவது 3600 படங்களும் ஏழே நொடியில் முடிந்துவிடும். சுருக்காமல் வைத்தால் நொடிக்கு 18 ஜிகாபைட் வரும் (பிக்சலுக்கு இரண்டு பைட் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்). பெரும்பாலான பிக்சல்களில் 0 அல்லது 1 என்றுதான் எண்ணிக்கை இருக்கும் என்பதால் பிட்ஷஃபிள், எல்இசட்4 என்ற சுருக்கு முறைகளைப் போட்டால் நன்றாகச் சுருங்கி எச்டிஎஃப்5 கோப்பாக வந்து விழுகிறது.

அந்த ஏழு நொடிக்குள்ளும் அதை அடுத்த சில நிமிடத்துக்குள்ளும் நடப்பதுதான் நம் வேலை. படம் வர வர அதில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ண வேண்டும், படிகம் நல்லதா என்று பயனருக்கு உடனே தெரிய. எடுத்து முடித்ததும் புள்ளிகளைத் தேடி, அவை எந்தப் பின்னலில் உட்கார்ந்திருக்கின்றன என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அதாவது இண்டெக்ஸ் செய்து, வடிவியலைத் திருத்தி, ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் கூட்டி, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு ஒரே மென்பொருளை நம்புவதில்லை. கப்ஷ் என்பவர் எழுதிய எக்ஸ்டிஎஸ் ஃபோர்ட்ரானில் பல பத்தாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றும் வேகத்தில் அதை மிஞ்சுவது சிரமம். டயமண்டும் சிசிபி4 என்ற படிகவியல் மென்பொருள் திட்டமும் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் சேர்ந்து எழுதிய டயல்ஸ் இருக்கிறது, பைத்தானும் சி++உம், மூலக்கோட் திறந்தே கிடக்கிறது. ஒரே டேட்டா செட்டை இப்படி மூன்று நான்கு வழிகளில் ஒரே நேரத்தில் ஓட்டுவோம். யார் எதை ஓட்ட வேண்டும், முடிந்ததா, தோற்றதா என்பதைப் பார்ப்பது மெசேஜ் க்யூ. டயமண்டில் அதற்கென்று சோகலோ என்று ஒன்றே எழுதியிருக்கிறார்கள். வங்கியில் ஒரு பரிவர்த்தனை தொலையக் கூடாது என்று ஒன்பது வருடம் கவலைப்பட்டவர் நீங்கள். அந்தக் கவலை இங்கே அப்படியே வேண்டும்.

சரி, எங்கே இது வங்கி வேலையிலிருந்து வேறுபடுகிறது? ஒரு சம்பவம் சொல்கிறேன்.

சில வருடம் முன்னால் எங்கள் பீம்லைனில் பராமரிப்புக்காக டிடெக்டரைக் கழற்றித் திரும்ப மாட்டினார்கள். மாட்டியதும் வழக்கம்போல லைசோசைம் (சோதனைக்கென்று எல்லோரும் வைக்கும், எளிதில் படிகமாகும் புரதம்) படிகம் வைத்துச் சோதித்தோம், அருமையாக வந்தது, பயனர்களுக்குத் திறந்துவிட்டோம். மூன்றாவது நாள் இரவு ஒரு குழு வந்தது. அவர்கள் படிகத்தின் யூனிட் செல்லில், அதாவது படிகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டியில், ஒரு பக்கம் 300 ஆங்ஸ்ட்ராம் நீளம். ஒரே தொட்டியில் வளர்ந்த படிகங்கள், சில நன்றாக வந்தன, சில வரவில்லை. வராதவற்றில் புள்ளிகள் கூர்மையாக, அழகாக இருக்கின்றன, இண்டெக்ஸும் ஆகிறது, ஆனால் சமமாக இருக்க வேண்டிய புள்ளிகளின் செறிவு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தாழ்ந்த ரெசல்யூஷனில் 4, 5 சதவீதம் இருக்க வேண்டிய பிழை 40ஐத் தாண்டி நிற்கிறது. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை, எல்லாம் பச்சை. அந்த மாணவி படிகம்தான் கெட்டுவிட்டது, இரட்டைப் படிகமாக இருக்கும் என்று முடிவு கட்டி அடுத்த பெட்டியை எடுக்கப் போனார்.

நான் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நல்லவேளையாக அந்தப் படிகத்தின் மேல் கொஞ்சம் உறைபனி. பனி இருந்தால் 3.67 ஆங்ஸ்ட்ராமில் ஒரு வளையம் விழும், அதன் மையம் கதிர் விழும் இடத்தில் இருக்க வேண்டும். கோப்பில் எழுதியிருந்த பீம் சென்டரை, அதாவது கதிர் டிடெக்டரில் விழும் இடத்தை, மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டேன். மேலே வளையத்துக்கு வெளியே நின்றது, கீழே உள்ளே நின்றது. 8 பிக்சல் வித்தியாசம். 75 மைக்ரான் பிக்சலில் 0.6 மில்லிமீட்டர்தான். டிடெக்டரைத் திரும்ப மாட்டியபோது அவ்வளவு நகர்ந்திருக்கிறது, கோப்பில் பழைய எண்ணே போய்க்கொண்டிருந்தது.

இப்போது கணக்குப் பாருங்கள். அலைநீளம் 0.98 ஆங்ஸ்ட்ராம், டிடெக்டர் 300 மில்லிமீட்டர் தள்ளி. லைசோசைமின் 79 ஆங்ஸ்ட்ராம் பக்கத்துக்குப் புள்ளிகள் 50 பிக்சல் இடைவெளியில் விழும், 8 பிக்சல் பிழையை அது தாங்கிக்கொள்ளும், திருத்தும்போது தானே சரியாகிவிடும். 300 ஆங்ஸ்ட்ராமுக்கு இடைவெளி 13 பிக்சல்தான். பாதி ஆறரை. பிழை பாதியைத் தாண்டிவிட்டால் மென்பொருள் பக்கத்துப் புள்ளியைப் பிடித்துக்கொள்கிறது, எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப் போகிறது. பின்னல் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 என்று பெயர் போட்ட புள்ளி உண்மையில் 6. சில படிகங்கள் மட்டும் ஏன் என்றால், நீளப் பக்கம் சுழல் அச்சுக்கு இணையாகப் படுத்திருந்தவைதான் மாட்டின. குறுக்கே படுத்திருந்தவை தப்பித்தன.

பீம் சென்டரைத் திருத்தி அந்த இரவே பழைய டேட்டா செட்டுகளைத் திரும்ப ஓட்டினோம், அத்தனையும் வந்தன. அந்த மாணவியின் முகம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு டிடெக்டரைத் தொட்டால் பொடியாக்கிய ஒரு பொருளின் மேல் கதிரை விட்டு வளையம் எடுத்து மையத்தைத் தானே அளந்து, கோப்பில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் பீம்லைனைத் திறக்க விடாத ஒரு சோதனையை எழுதினேன். இருநூறு வரிகூட இருக்காது. இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் அதைத்தான் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

வேலைக்குப் போனால் முதல் மாதமே செய்ய வேண்டியது இது: ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று கால்நடையாகப் போய்ப் பாருங்கள். டிடெக்டர் தூரம் என்று கோப்பில் 300 என்று இருந்தால், அதை யார் அளந்தார், எந்த மோட்டாரின் எந்த எண், கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று.

சுழல்மேடை எழுதியது:

மேலே சொன்னது டேட்டா பக்கம். கட்டுப்பாட்டுப் பக்கம் தனி உலகம், அதற்கும் ஆள் தேடுகிறார்கள், வைகைக்கரை அதையும் யோசிக்கலாம். நான் அந்தப் பக்கம்.

ஒரு பீம்லைனில் நூற்றுக்கணக்கான மோட்டார்கள். அவற்றை இயக்கும் மென்பொருளின் அடித்தளம் டயமண்டில் எபிக்ஸ், பிரான்ஸில் கிரனோபிளில் இருக்கும் ஈஎஸ்ஆர்எஃப் சிங்க்ரோட்ரானில் டாங்கோ. அதற்கு மேல் சோதனையை நடத்தும் அடுக்கு. டயமண்டில் ஜிடிஏ என்று ஜாவாவில் எழுதியது பல வருடமாக ஓடுகிறது, இப்போது பைத்தானில் எழுதப்பட்ட ப்ளூஸ்கை பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள், அது அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தொடங்கியது. பயனர் பார்க்கும் திரைக்கு எம்எக்ஸ்கியூப், ஈஎஸ்ஆர்எஃப்இல் பிறந்து பல நாடுகள் சேர்ந்து வளர்ப்பது. ஜாவாவும் பைத்தானும் தெரிந்தவருக்கு இந்த மாற்றம் நடக்கும் நேரம் உள்ளே நுழைய நல்ல நேரம்.

இங்கே நேரம்தான் எல்லாம். நொடிக்கு 500 படம், படத்துக்கு 0.1 டிகிரி என்றால் படிகம் நொடிக்கு 50 டிகிரி சுழல்கிறது. ஷட்டர் ஒரு மில்லிநொடி தாமதமாகத் திறந்தால் 0.05 டிகிரி போச்சு, அது அரைப் படம். இதை பைத்தானில் தூங்கி எழுந்து செய்ய முடியாது. மோட்டாரின் என்கோடர் (மோட்டார் எங்கே நிற்கிறது என்று அளக்கும் கருவி) இந்த இடத்தைத் தொட்டதும் வன்பொருளே டிடெக்டருக்குச் சைகை அனுப்ப வேண்டும். நம் நிரல் முன்கூட்டியே எல்லாவற்றையும் தயார் செய்து வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

இன்னொன்று, டெஸ்ட் எழுதும்போது. பிலாட்டஸ் டிடெக்டரில் பலகைகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் இருக்கும் பிக்சலுக்கு -1, கெட்டுப்போன பிக்சலுக்கு -2 என்று வரும். ஐகரில் குறியில்லா எண், அதனால் 16 பிட்டில் 65535 என்றால் இந்தப் பிக்சலை நம்பாதே என்று பொருள். ஒன்றுக்கு எழுதிய கோடை மற்றதற்குத் தூக்கிப் போட்டால் 65535 ஃபோட்டான் விழுந்தது என்று கூட்டிக்கொண்டு போகும், சராசரி எங்கேயோ போய்விடும். படிக்கும்போது சின்ன விஷயம், ஆனால் எண் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் கூட்டவே கூடாது.

உப்புப்_படிகம் எழுதியது:

நான் மென்பொருள் எழுதுகிறவள் இல்லை, பயன்படுத்துகிறவள். பயனர் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

படித்தது சென்னையில், கிண்டி வளாகத்தில் இருக்கும் படிகவியல் மற்றும் உயிர் இயற்பியல் துறையில். ஜி.என். ராமச்சந்திரன் உருவாக்கிய துறை. 1963இல் அவரும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வெளியிட்ட வரைபடத்தைத்தான், இரண்டே சுழற்சிக் கோணங்களை வைத்துப் புரதச் சங்கிலி எங்கே மடங்கலாம், எங்கே மடங்க முடியாது என்று சொல்லும் அந்தப் படத்தைத்தான், இன்றும் உலகத்தில் எந்தப் புரத வடிவத்தைச் சமர்ப்பித்தாலும் மென்பொருள் போட்டுப் பார்க்கிறது. அணுக்கள் ஒன்றையொன்று இடிக்குமா இடிக்காதா என்ற கணக்குதான் அது, வேறொன்றும் இல்லை. வைகைக்கரை, உங்களுக்கு உயிரியல் தெரியாது என்று தயங்குகிறீர்கள். ராமச்சந்திரனும் இயற்பியலிலிருந்து வந்தவர்தான்.

ஆல்ஃபாஃபோல்டு பற்றி. உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 2020 கடைசியில் அது செய்து காட்டியது பெரிய விஷயம், 2024 வேதியியல் நோபலில் பாதி அதற்குப் போனது, அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அது கற்றுக்கொண்டது எங்கிருந்து? புரத டேட்டா வங்கியிலிருந்து. 1971இல் ஏழே வடிவங்களோடு தொடங்கிய அந்த வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன, அதில் பெரும்பகுதி படிகவியலில் வந்தவை, படிகவியலில் சமீப பத்தாண்டுகளில் வந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை சிங்க்ரோட்ரான்களில் எடுத்தவை. நடைமுறையில் எங்களுக்கு என்ன ஆனது என்றால், வேலை குறையவில்லை, கூடியது. முன்பு எங்களுக்குப் பெரிய தலைவலி ஃபேஸ் பிரச்சினை: டிடெக்டர் செறிவை மட்டும் தருகிறது, அலையின் ஃபேஸ், அதாவது அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பது, தொலைந்துவிடுகிறது. அதை மீட்க செலினியம் ஏற்றிப் புதிதாகப் படிகம் வளர்ப்போம், மாதக் கணக்கில் போகும். இப்போது பல நேரம் ஆல்ஃபாஃபோல்டு தரும் மாதிரியை வைத்தே தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுகிறோம். முடிந்த கையோடு அடுத்த கேள்வி: இந்த மருந்து மூலக்கூறு இந்தக் குழியில் சரியாக எப்படி உட்காருகிறது, ஒரு அணுவை மாற்றினால் எப்படித் திரும்புகிறது? அதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

2020இல் கொரோனா வைரஸின் முக்கிய புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) மேல் ஆயிரத்துக்கும் அதிகமான சிறு மூலக்கூறுகளை டயமண்டில் படிகம் படிகமாக ஊறவைத்துப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேல் டேட்டா செட், அதில் பெரும்பாலானவற்றில் ஒன்றும் ஒட்டியிருக்காது. ஒட்டியிருப்பதும் மங்கலாக, பாதி ஆட்களோடு உட்கார்ந்த பஸ் மாதிரி இருக்கும். மனிதக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. பாண்டா என்று ஒரு முறை இருக்கிறது, எதுவும் ஒட்டாத வெறும் படிகங்கள் பலவற்றின் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடங்களுக்குச் சராசரி எடுத்து, ஒவ்வொரு புது வரைபடத்திலிருந்தும் அதைக் கழித்து, மிச்சம் நிற்பதைக் காட்டும். யோசனை எவ்வளவு எளிமை பாருங்கள். இப்படி ஒரு மென்பொருளால்தான் அந்தச் சோதனையே சாத்தியமானது.

எனக்கு உங்களைப் போன்றவர்களிடம் ஒரே வேண்டுகோள்தான். பிழைச் செய்தியைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எதிலாவது மனிதருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். நாங்கள் எல்லோரும் இப்போது பீம்லைனுக்கு நேரில் போவதில்லை. பக் என்ற வட்டத் தட்டு ஒன்றில் 16 ஊசி, ஒரு டப்பாவில் ஏழு பக், ஆக 112 படிகங்களைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறோம். ஒருமுறை என் மாணவனின் ஆறு படிகங்கள், இரண்டு வருட வேலை, ஒவ்வொன்றுக்கும் சிவப்பில் 'தோல்வி' என்று மட்டும் வந்தது. ஏன் என்று இல்லை. புள்ளியே இல்லையா, புள்ளி இருந்து இண்டெக்ஸ் ஆகவில்லையா, இல்லை வட்டில் இடம் தீர்ந்துவிட்டதா? இவை மூன்றும் மூன்று வேறு செய்தி. முதலாவது என்றால் நாங்கள் திரும்பப் படிகம் வளர்க்க வேண்டும், மூன்றாவது என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். நான்கு நாள் கழித்துத்தான் அது மூன்றாவது என்று தெரிந்தது. அந்த நான்கு நாளும் அந்தப் பையன் சரியாகச் சாப்பிடவில்லை.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நள்ளிரவு அண்ணா சொன்ன பீம் சென்டர் கதையை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அக்கா சொன்ன பிழைச் செய்தி எனக்கு நன்றாகவே புரிகிறது, வங்கியிலும் 'பரிவர்த்தனை தோல்வி' என்று மட்டும் போட்டால் ஒருவருடைய வாடகைப் பணம் எங்கே போனது என்று தெரியாது.

சும்மா இருக்க முடியவில்லை. சனி, ஞாயிறு உட்கார்ந்து டயல்ஸை நிறுவி, ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுத் தளத்தில் யாரோ திறந்து வைத்திருந்த ஒரு லைசோசைம் டேட்டா செட்டை இறக்கினேன், பிலாட்டஸ் டிடெக்டரில் எடுத்தது. புள்ளி தேடச் சொன்னேன், படத்துக்கு எத்தனை புள்ளி என்று திரையிலேயே எழுத்துகளால் ஒரு வரைபடம் போட்டது, அழகாக இருந்தது. இண்டெக்ஸ் செய்ததும் 79, 79, 38 என்று மூன்று எண், கோணம் எல்லாம் 90. அண்ணா சொன்ன 79 என் திரையில் வந்ததும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு சந்தேகம். கடைசியில் ஸ்பேஸ் குரூப்பை, அதாவது படிகத்தின் சமச்சீர் வகையை, பி41212 என்று சொல்லிவிட்டு, பி43212ஆகவும் இருக்கலாம் என்கிற மாதிரி இருக்கிறது. லைசோசைமுக்கு பி43212 என்றுதான் எல்லா இடத்திலும் பார்க்கிறேன். நான் எங்காவது தப்பு செய்தேனா?

நள்ளிரவு_ஷிஃப்ட் எழுதியது:

தப்பு எதுவும் இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், ஒன்றில் திருகு வலப்பக்கம் ஏறுகிறது, மற்றதில் இடப்பக்கம். இரண்டிலும் திருகு அச்சின் மேல் நான்கின் மடங்கில் உள்ள புள்ளிகள் மட்டும் தெரியும், மற்றவை அணைந்துவிடும், அதனால் செறிவை மட்டும் பார்த்து எது என்று சொல்ல வழியில்லை. ஃபேஸ் கிடைத்து வரைபடம் போட்டு, புரதத்தின் சுருள் (ஹெலிக்ஸ்) வலப்பக்கம் திரும்புகிறதா என்று பார்க்கும்போதுதான் முடிவாகும். மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். மொத்தம் 230 ஸ்பேஸ் குரூப்பில் புரதங்களுக்கு 65தான் முடியும், ஏனென்றால் உடம்பில் உள்ள அமினோ அமிலங்கள் ஒரே கைப்பக்கம், கண்ணாடிச் சமச்சீர் உள்ள எதுவும் ஒத்துவராது. உங்களுக்குத் தேவையான உயிரியல் இப்படித்தான், தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வரும்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். அதே டேட்டா செட்டில் பீம் சென்டரைச் சுழல் அச்சின் திசையில் வேண்டுமென்றே நகர்த்துங்கள். முதலில் 3 பிக்சல், அப்புறம் 5, 7, 9 என்று. ஒவ்வொரு முறையும் முழுக்க ஓட்டி, எங்கே உடைகிறது, உடையும்போது மென்பொருள் என்ன சொல்கிறது என்று எழுதி வையுங்கள். அதற்கு முன்னால் எந்த இடத்தில் உடைய வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார்.

வைகைக்கரை எழுதியது:

செய்துவிட்டேன். இந்த டேட்டா செட்டில் டிடெக்டர் 200 மில்லிமீட்டர் தூரத்தில், பிக்சல் 172 மைக்ரான். 79 ஆங்ஸ்ட்ராம் பக்கம் ஒன்று சுழல் அச்சோடு கிட்டத்தட்ட இணையாக இருக்கிறது. புள்ளி இடைவெளி 14 பிக்சலுக்குக் கொஞ்சம் மேலே, ஆக 7ஐத் தாண்டினால் உடைய வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

3உம் 5உம் தள்ளியபோது திருத்தும் கட்டத்தில் மையம் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. 7இல் இண்டெக்ஸ் ஆன புள்ளிகள் மிகவும் குறைந்துபோயின. 9 தள்ளியபோது எல்லாப் புள்ளியும் இண்டெக்ஸ் ஆனது, ஒரு எச்சரிக்கையும் வரவில்லை, ஆனால் நாலுமடங்குச் சமச்சீர் காணாமல் போனது. திருத்திய பிறகு மையம் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். உண்மையான இடத்திலிருந்து 14 பிக்சல் தள்ளி, சரியாக ஒரு புள்ளி இடைவெளி.

படத்தை வைத்துக்கொண்டு ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். இன்று இரவு விண்ணப்பத்தை அனுப்புகிறேன்.